மேடையும் சிறையும் கண்ட விஸ்வநாததாஸ்

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெற வேண்டும் என்று முடிவு செய்தபோது, யாரைப் பற்றி எழுதுவது என்பதில் நமக்குள் ஒரு தயக்கம் எழுந்தது. அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரின் வரலாறுகளை நம் இளைஞர்கள் ஓரளவு அறிவர். சங்கக் கூட்டங்களில் அவை மீண்டும் மீண்டும் பேசப்படுகின்றன. ஆனால் பாட்டையே தொழிலாகவும் படையாகவும் கொண்டு வாழ்ந்த ஒருவரைப் பற்றி நாம் இதுவரை பேசியதில்லை. நம் தெருக்களில் பாட்டுக்கும் தாளத்துக்கும் என்றும் பஞ்சமிருந்ததில்லை. பாட்டுப் பாடிப் பிழைத்தவனுக்கு மதிப்பிருந்ததா என்பதே கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடும்போது நம் நெஞ்சில் முதலில் வந்து நின்றவர் தியாகி விஸ்வநாததாஸ்.

அவர் நம் சமுதாயத்தில் பிறந்தவர் அல்லர். முடிதிருத்தும் தொழிலைச் செய்துவந்த மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தவர். எனினும் நாம் பட்ட இழிவின் ஒரு பகுதியை அவரும் பட்டார். ஊருக்கு வைத்தியமும், மகப்பேற்றுக்கு உதவியும், மங்கலத்துக்கும் அமங்கலத்துக்கும் உரிய சடங்குப் பணியும் செய்த சமூகம் அது. அவர்கள் கைபடாமல் ஊரில் ஒரு கலியாணமும் நடந்ததில்லை. ஓர் இழவும் கழிந்ததில்லை. ஆயினும் பந்தியில் சமமாக உட்கார அவர்களுக்கு இடமில்லை. இப்படிப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒருவர், தமிழ்நாட்டின் நாடக மேடையில் தலைமை வேடதாரியாக உயர்ந்து, அந்நிய அரசை எதிர்த்துப் பாடிச் சிறை சென்று, மேடையிலேயே உயிர் நீத்தார் என்றால், அந்த வாழ்க்கை நமக்கும் உரியதே.

பிறப்பும் காலமும்

விஸ்வநாததாஸ் 1886ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சிவகாசியில் பிறந்தார். பின்னர் மதுரையை அடுத்த திருமங்கலமே அவருடைய ஊராயிற்று. இளமையிலேயே அவருக்கு நல்ல குரல் வாய்த்திருந்தது. அக்காலத்தில் குரல் வாய்த்த ஏழைப் பிள்ளைக்குத் திறந்திருந்த வாசல் நாடகம் ஒன்றே. கோயிலில் பாடும் உரிமை பிறப்பால் தீர்மானிக்கப்பட்டது. சபைகளில் பாடச் செல்வாக்கு வேண்டும். நாடகக் கொட்டகையில் மட்டும், திரை விலகியதும் எழும் முதற்குரல் எட்டும் தூரம் எவ்வளவு என்பதே கேட்கப்பட்டது.

அவர் வளர்ந்த காலம் நம் கடற்கரையில் பெருங்கொந்தளிப்பு நிகழ்ந்த காலமாகும். 1906இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல்கள் ஓடின. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்த மாதமே சிதம்பரனார் சிறைப்பட்டார். திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொதித்தெழுந்தன. அப்போது விஸ்வநாததாஸுக்கு வயது 21. தென்பாண்டி நாட்டில் இளமையைக் கழித்த ஒருவர் இந்தச் செய்திகளைக் கேளாமல் வளர்ந்திருக்க முடியாது.

கரிசல் மண் தந்த கருவிகள்

தாஸ் பிறந்தது சிவகாசி, வாழ்ந்தது திருமங்கலம். எனினும் அவர் மேடையில் எடுத்தாண்ட கருவிகள் பெரும்பாலும் நம் தூத்துக்குடிச் சீமையிலிருந்து சென்றவை. இதனை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். இளமையில் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணியாற்றியவர். ஏறத்தாழ 24ஆம் வயதில் அந்தக் கணக்கேட்டை மூடிவைத்துவிட்டு நாடகத்துக்குச் சென்றார். 1922இல் புதுச்சேரியில் மறையும் வரை நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் முதலிய அவருடைய நாடகங்களே தென்னாட்டு மேடைகளில் இரவுதோறும் நடந்தன. உப்பளத்து வெயிலைக் கண்ட கண்கள் எழுதிய பாடல்களே விஸ்வநாததாஸின் தொண்டைக்கு முதல் உணவாயின.

இரண்டாமவர் மதுரகவி பாஸ்கரதாஸ். 1892இல் பிறந்த இவருடைய இயற்பெயர் வெள்ளைச்சாமி. விளாத்திகுளத்தை அடுத்த நாகலாபுரத்தில் வாழ்ந்து, 1952இல் மறைந்தார். புராண நாடகத்தின் நடுவில் பாடுவதற்கேற்ற தேசியப் பாடல்களை எளிய சொற்களில், மக்கள் வாயில் உடனே ஒட்டிக்கொள்ளும் மெட்டுகளில் எழுதித் தந்தவர் அவரே. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸுக்கும் அவர் பாடல்கள் எழுதினார். அவர் எழுதிய பாடலை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர்களுள் விஸ்வநாததாஸுக்கு முதலிடம் உண்டு.

மூன்றாமவர் சிதம்பரனார். அவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம்.

இரவெல்லாம் நாடகம்

இன்றைய இளைஞர்கள் அக்கால நாடகத்தைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஊர்க் கொடைகளில் இன்றும் நடக்கும் வள்ளி திருமணத்தைப் பார்த்தவர்கள் ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம். ஸ்பெஷல் நாடகம் என்பது அதன் பெயர். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூன் மற்றோர் ஊர். ஹார்மோனியக்காரர் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. கான்ட்ராக்டர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அமர்த்துவார். நாடகத்தன்று மாலையில்தான் அனைவரும் ஒன்று கூடுவர். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பாடம் ஒன்றே. இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் பொழுது விடியும் வரை பாட்டும் தர்க்கமும் நடக்கும்.

ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கியாஸ் விளக்கின் வெளிச்சத்தில், கடைசி வரிசையில் துண்டை விரித்து அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். எனவே உச்ச சுருதியில் பாட வல்லவரே ராஜபார்ட்டாக நிலைத்தார். விஸ்வநாததாஸ் அப்படி நிலைத்தவர்களுள் ஒருவர். முருகன் வேடத்தில் அவர் பெற்ற புகழ் தனியானது.

இங்கே ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நாளில் நம்மவர்க்குக் கோயில் வாசல் அடைபட்டிருந்தது. 1939 ஜூலை 8ஆம் நாள்தான் வைத்தியநாத ஐயர் தலைமையில் நம்மவர் சிலர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். சட்டமும் அதன் பின்னரே வந்தது. அதுவரை திருச்செந்தூர் முருகனைக் கோபுரத்துக்கு வெளியே நின்று கும்பிட்ட நம் முன்னோர், அவனை நேருக்கு நேர் கண்டது நாடகப் பந்தலில்தான். பந்தலிலும் பின்வரிசையே அவர்களுக்குக் கிடைத்தது. இருந்தாலும் முருகனின் பாட்டு முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் வேறுபாடு பாராமல் வந்து சேர்ந்தது.

வேடத்துக்கு வணக்கம், பிறப்புக்கு இழிவு

மேடையில் முருகனாக நின்றவருக்குக் கற்பூரம் காட்டுவதும், கன்னத்தில் போட்டுக்கொள்வதும் அக்கால மக்களின் வழக்கம். பொழுது விடிந்து, அரிதாரத்தைக் கழுவியதும் அந்த வணக்கம் மறைந்துவிடும். வேடம் களைந்த மனிதனின் சாதி என்ன என்பதே பேச்சாகும். விஸ்வநாததாஸ் தம் வாழ்நாள் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றார்.

வெளியார் மட்டுமின்றி, உடன் நடித்தவர்களே அவரை ஒதுக்கியதுண்டு. மருத்துவர் சமூகத்தில் பிறந்தவருடன் வள்ளியாக நடிப்பதா என்று நடிகையர் சிலர் மறுத்த செய்தியை அவருடைய வரலாற்றில் காண்கிறோம். சிந்தித்துப் பாருங்கள். கதையில் வள்ளி குறவர் குடியில் வளர்ந்தவள். அவளை மணக்கத் தெய்வமே வேடனாகவும் கிழவனாகவும் வேடமிட்டு வருகிறது. குலம் பார்க்கலாகாது என்பதே அக்கதையின் உயிர். அந்தக் கதையை நடிக்க வந்தவர்களே குலம் பார்த்தனர். நாடகத்தை நடித்தார்கள், அதன் பொருளை ஏற்கவில்லை.

இந்த இழிவுக்கு விஸ்வநாததாஸ் எப்படி விடை தந்தார் என்பது நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இடம். அவர் தம் பிறப்பை மறைத்துக்கொள்ளவில்லை. தம்மோடு நடிக்க மறுத்தவர்களைக் கண்டு மேடையை விட்டு ஓடவுமில்லை. நடிக்க முன்வந்தவர்களுடன் நடித்தார். கேட்க வந்த மக்களுக்குப் பாடினார். அவர் இல்லாவிட்டால் கூட்டம் சேராது என்ற நிலையை உழைப்பால் உண்டாக்கினார். திறமை சாதியை ஒழித்துவிடவில்லை. ஆனால் சாதி அவருடைய திறமையை அடக்கிவிடவும் முடியவில்லை.

பாட்டு படையான கதை

1919 ஏப்ரல் 13ஆம் நாள் பஞ்சாபில் அமிர்தசரஸ் நகரின் ஜாலியன்வாலா பாகில், கூடியிருந்த மக்கள் மீது ஆங்கிலப் படை சுட்டது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். எழுதப் படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலராக இருந்த நாளில் அந்தச் செய்தி தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வாறு? பத்திரிகையால் மட்டுமன்று, பாட்டாலும் சேர்ந்தது. அந்தப் படுகொலையைப் பற்றிப் பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டை விஸ்வநாததாஸ் மேடைதோறும் பாடினார்.

வள்ளி திருமணத்தில் வள்ளி தினைப்புனத்தில் பரணில் நின்று பறவைகளை ஓட்டும் காட்சி ஒன்று உண்டு. அந்தக் காட்சிக்கென்றே வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டு ஒன்று எழுந்தது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் அது குழந்தைக்குச் சொல்லும் பாட்டு. தினையைத் தின்ன வந்த கொக்கைப் பற்றியது. ஆனால் கடல் தாண்டி வந்து இந்நாட்டு விளைவைத் தின்னும் வெள்ளையர் யார் என்பது கேட்பவனுக்கு விளங்காமற் போகாது. பாட்டு முடிவதற்குள் கொட்டகை முழங்கும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் போலீசாருக்கும் பொருள் விளங்கும். ஆனால் கொக்கைப் பாடியது குற்றமென்று எழுதுவதற்கு அவர்கள் தடுமாறுவர்.

நாடகத்தைக் கட்டுப்படுத்த 1876ஆம் ஆண்டிலேயே அரசு ஒரு சட்டம் செய்திருந்தது. அரசுக்கு வெறுப்பு விளைவிக்கும் நாடகம் என்று கருதினால் தடை செய்யலாம். ஆனால் வள்ளி திருமணத்தை எப்படித் தடை செய்வது? அது சாமி கதை. கதையில் குற்றமில்லை, நடுவில் எழும் பாட்டில்தான் நெருப்பு இருக்கிறது. அந்தப் பாட்டோ நாடகப் புத்தகத்தில் இராது. இன்று பாடியதை நாளை பாட வேண்டுமென்பதும் இல்லை. மக்கள் கேட்டால் மீண்டும் பாடலாம். ஒத்திகையில்லாத ஸ்பெஷல் நாடகத்தின் தளர்ந்த கட்டமைப்பே தேசியப் பாட்டுக்கு மறைவிடமாயிற்று. எனவே அரசு நாடகத்தை விட்டுப் பாடகனைப் பிடிக்கத் தொடங்கியது.

விஸ்வநாததாஸ் காங்கிரசில் ஈடுபட்டார், கதராடை உடுத்தினார். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறிய பின் தென்மாவட்டங்களில் கதர் இயக்கம் வலுத்தது. மேடையில் பட்டும் சரிகையும் மினுக்குவதே ராஜபார்ட்டின் பெருமையென்று கருதப்பட்ட அந்நாளில், கதரணிந்த நடிகராக அவர் அறியப்பட்டார். கதரின் பெருமையைப் பாடியது அவர் வாய் மட்டுமன்று; அவர் உடலும் பாடியது.

கைதும் வழக்கும்

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. உப்பைப் பற்றி நாம் யாரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. தூத்துக்குடி உப்பளங்களில் கால் புண்ணாகி, கண் கூசி உழைத்த முன்னோரின் வழியில் வந்தவர்கள் நம்மில் பலர். வாருபவன் கைக்கு வந்த கூலியைவிட, அரசு அந்த உப்பின் மேல் வைத்த வரி எத்தனை மடங்கு பெரிதாகத் தோன்றியிருக்கும்! அந்த வரியை எதிர்த்து நாடே எழுந்தபோது நாடக மேடைகளிலும் அனல் ஏறியது. தடையுத்தரவுகளும் கைதுகளும் பெருகின.

விஸ்வநாததாஸ் பாடுகிறார் என்றால் போலீசாரும் வருவார்கள் என்பது வழக்கமாகிவிட்டது. பாடுவதற்கு முன்னே தடையுத்தரவு கையில் தரப்படும். அல்லது பாடிய பின்னே கைவிலங்கு வரும். அவர் 29 முறை கைதானதாக அவருடைய வரலாற்றை எழுதியோர் கணக்கிடுகின்றனர். ஒவ்வொரு முறையும் வெளியே வந்தவர் மீண்டும் மேடையேறினார். மீண்டும் அதே பாட்டைப் பாடினார்.

இந்த வழக்குகளில் அவருக்காக வாதாடியவர்களுள் ஒருவர் நம் சிதம்பரனார். கப்பலோட்டி, செக்கிழுத்து, வழக்கறிஞர் உரிமத்தையும் இழந்து வறுமையில் வாடியவர் அவர். பின்னர் உரிமத்தைத் திரும்பப் பெற்றுக் கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் தொழில் நடத்தி வந்தார். ஒரு காலத்தில் தம் பேச்சுக்காகத் தாமே தண்டனை பெற்றவர், பாட்டுக்காகத் தண்டிக்கப்படும் ஒருவருக்கு வாதாட நீதிமன்றத்தில் எழுந்து நின்றார். சாதியால் ஒதுக்கப்பட்ட ஒரு கலைஞனுக்கு, ஊர் மறந்துபோன ஒரு தலைவர் துணை நின்ற காட்சி அது. சிதம்பரனார் 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் காலமானார்.

கடனும் விலையும்

சிறை செல்லும் தலைவருக்கு மாலை உண்டு. சிறை செல்லும் கூத்தாடிக்கு என்ன உண்டு? ஸ்பெஷல் நாடக நடிகருக்கு மாதச் சம்பளம் இல்லை. நடித்த இரவுக்குத்தான் கூலி. சிறையில் கழியும் ஒவ்வோர் இரவும் வீட்டில் உலையேறாத இரவாகும். நாடகம் நடுவில் நின்றால் நட்டம் என்று அஞ்சும் கான்ட்ராக்டர்கள், போலீசாரின் கண்ணில் பட்ட நடிகரை அமர்த்தத் தயங்குவார்கள். இடையே 1931 முதல் பேசும் படம் வந்து கொட்டகைகளைத் திரையரங்குகளாக மாற்றத் தொடங்கியது. மேடையை நம்பியிருந்தோர் அனைவரின் வருவாயும் சுருங்கியது.

விஸ்வநாததாஸ் கடனாளியானார். திருமங்கலத்து வீடு அடைமானத்தில் மூழ்கியது. அப்போது அரசின் தரப்பிலிருந்து ஒரு தூது வந்ததாக அவர் வரலாற்றைச் சொல்வோர் குறிப்பிடுகின்றனர். அரசை எதிர்த்துப் பாடுவதை நிறுத்திக்கொண்டால் வீட்டைக் கடனிலிருந்து மீட்டுத் தருவதாகப் பேசப்பட்டது. அவர் அதை ஏற்கவில்லை.

இதைப் படிக்கும்போது பெருமிதம் கொள்வது எளிது. நாமோ பெருமிதத்தோடு நின்றுவிடாமல் இன்னொன்றையும் எண்ணுகிறோம். அவருடைய பாட்டைக் கேட்டு ஆரவாரித்தவர்கள் பல்லாயிரவர். அவர்களுள் செல்வரும் இருந்தனர், தலைவர்களும் இருந்தனர். அந்த வீட்டை மீட்டுத் தரும் எண்ணம் அந்நிய அரசுக்கு வந்த அளவு நம்மவர்க்கு வரவில்லையே! கைதட்டல் கடனை அடைக்காது. தியாகியைப் புகழ்வது ஒன்று. அவன் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது வேறொன்று. இரண்டாவதைச் செய்யாத சமுதாயம் முதலாவதைச் செய்வதில் பாதி வேடமே.

கடைசிப் பாட்டு

1940ஆம் ஆண்டு முடியும் தறுவாய். ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது. மக்களைக் கேளாமல் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டதை எதிர்த்துத் தனிநபர் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்தது. விஸ்வநாததாஸுக்கு வயது 54. உடல் தளர்ந்திருந்தது, கடனும் இருந்தது. டிசம்பர் 31ஆம் நாள் இரவு சென்னை ராயல் தியேட்டரில் நாடகம். வழக்கம்போல் வள்ளி திருமணம். அவருக்கு வழக்கம்போல் முருகன் வேடம்.

மயில் வாகனத்தில் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. பாட்டு நின்றதை நடிப்பென்று எண்ணியவர்களும் அன்று அந்த அரங்கில் இருந்திருக்கலாம். முருக வேடத்துடனேயே அவருடைய இறுதி ஊர்வலம் சென்றதென்று கூறுவர். வேடத்தைக் களைந்ததும் வணக்கத்தையும் களைந்துகொண்ட உலகம், கடைசி ஒரு முறை அந்த வேடத்தைக் களையாமல் அவரை வழியனுப்பியது.

அவர் பாடிய விடுதலை ஆறரை ஆண்டுகளுக்குப் பின் 1947இல் வந்தது. அதை அவர் காணவில்லை. திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீடு பின்னர்த் தமிழ்நாடு அரசால் நினைவு இல்லமாக்கப்பட்டது. அடைமானத்தில் மூழ்கிய வீடு இன்று நாட்டின் உடைமையாக நிற்கிறது. மதுரைப் பக்கம் செல்லும் இளைஞர்கள் அதை ஒரு முறையேனும் சென்று காண வேண்டுகிறோம்.

நாம் கொள்ள வேண்டியவை

நம் சமுதாயத்தில் கலையைப் பற்றி இன்று இரு கருத்துகள் நிலவுகின்றன. பறையும் கூத்தும் நம்மை இழிவுபடுத்தத் தரப்பட்டவை. அவற்றைத் தொடவே கூடாது என்பது ஒன்று. அவை நம் முன்னோரின் செல்வம். விடவே கூடாது என்பது மற்றொன்று. இரு சாராரும் நம் பிள்ளைகளே. இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஊரார் இழவுக்குக் கூலியின்றிப் பறையடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டபோது, அடிக்க மறுத்தது நம் மூத்தோர் நடத்திய உரிமைப் போர். அதற்காக அவர்கள் அடியும் உதையும் பட்டார்கள். அந்த மறுப்பை நாம் ஒருநாளும் குறைத்துப் பேசலாகாது.

ஆனால் கட்டாயம் வேறு, கலை வேறு. யாருக்காக, எந்த இடத்தில், எந்தப் பொருளை, என்ன மதிப்புக்குப் பாடுவது என்பதைப் பாடுகிறவனே முடிவு செய்யும்போது அது இழிதொழில் அன்று. விஸ்வநாததாஸின் வாழ்க்கை இதைத்தான் மெய்ப்பிக்கிறது. எந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்ய அவர் விடவில்லை. எதைப் பாடக் கூடாது என்பதை அரசு முடிவு செய்யவும் விடவில்லை. அவர் குரலுக்கு அவரே உரிமையாளர்.

அதே நேரத்தில், அவருக்கு இல்லாமற் போனவை எவை என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். அவருக்குப் பின்னே நிற்க ஒரு சங்கம் இல்லை. சிறையிலிருந்த நாளில் குடும்பத்தைத் தாங்க ஒரு நிதி இல்லை. சாதியால் ஒதுக்கப்பட்டபோது உடன் நின்று கேட்க ஓர் அமைப்பு இல்லை. கலைஞனின் திறமை அவனுடையது. அவன் பாதுகாப்போ சமுதாயத்தின் பொறுப்பு. கல்விச் சங்கம் என்பது பாடப் புத்தகமும் தேர்வுக் கட்டணமும் தருவதோடு நின்றுவிடக் கூடாது என்று நாம் கருதுவது இதனால்தான். நம் மூத்தோரின் பாட்டுகளை அவர்கள் இருக்கும்போதே ஏட்டில் எழுதி வைப்பதும், பாட வல்ல பிள்ளைக்குப் படிப்பும் பாட்டும் ஒருசேரக் கிடைக்கச் செய்வதும், கலையை நம்பி வாழ்வோர் முதுமையில் கடனில் மூழ்காமல் காப்பதும் கல்விப் பணியே ஆகும்.

நம் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1961க்குப் பின் அந்தச் சலாபம் நடைபெறவில்லை. மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்கியவன் ஒருவன், கரையில் ஏலம் எடுத்தவன் வேறொருவன், அணிந்தவன் இன்னொருவன். குளித்தவன் கழுத்தில் முத்து ஏறியதில்லை. ஆனால் ஒன்று. ஆழத்தில் இருப்பவனை மேலே இழுக்கப் படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்தபடியே இருப்பான். அவன் கை தளர்ந்தால் கீழே இருப்பவன் மீள மாட்டான்.

விஸ்வநாததாஸ் மூச்சை முழுவதும் செலவிட்டுப் பாடினார். அவருக்குக் கயிறு பிடிக்க ஆளில்லை. இனி நம் பிள்ளைகளுள் யாரேனும் அப்படி ஓர் ஆழத்தில் இறங்கத் துணிந்தால், கயிறு நம் கையில் இருக்கட்டும். இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் நம் சங்கம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொள்ள வேண்டிய பணி இதுவே என்று கூறி, அத்தியாகியின் நினைவுக்கு வணக்கம் செலுத்துகிறோம்.